700 ஆண்டுகள் கழித்து ஒரு குடியிருப்பு
(அடையாற்றின் இரு கரைகள் – 17)

கர்னல் ஆல்காட் 1907 பிப்ரவரி 17 அன்று அடையாற்றில் காலமானதையும், அவருக்குப் பின் அன்னி பெசன்ட் அம்மையார் பிரம்ம ஞான சபையின் தலைமையை ஏற்றதையும் சென்ற இதழில் பார்த்தோம். அடுத்த ஆறேழு ஆண்டுகளில் அந்த ஆற்றங்கரைத் தோட்டத்தில் எழுதப்பட்டவற்றுள், சபையின் வரலாற்றை எழுதுபவர்கள் கூச்சத்தோடு தாண்டிப் போகும் பகுதி ஒன்று உண்டு. அது எதிர்காலத்தைப் பற்றியது. அன்றிலிருந்து ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில், கீழ்க் கலிபோர்னியா என்னும் தீபகற்பத்தில் இருக்கப்போகும் ஒரு குடியிருப்பின் கோயில்களும் வீடுகளும் கல்விமுறையும் அதில் நேரில் பார்த்ததுபோல வருணிக்கப்பட்டன. எழுதியவர் சி. டபிள்யூ. லெட்பீட்டர். 1909 பிப்ரவரியில்தான் அவர் அடையாற்றுக்கு வந்து சேர்ந்திருந்தார். சபையின் மாத இதழான ‘தியாசபிஸ்ட்’டில் தொடராக வந்த இந்தப் பகுதி, 1913இல் அவரும் பெசன்ட்டும் சேர்ந்து வெளியிட்ட ‘மேன்: வென்ஸ், ஹௌ அண்ட் விதர்’ என்ற பெரிய நூலின் இறுதியில் இடம்பெற்றது. நூலின் மற்றப் பகுதிகளுக்கான ‘ஆய்வு’ 1910 கோடையில் அடையாற்றிலேயே நடந்தது. வெயிலுக்குப் பயந்து பலரும் வெளியூர் போயிருந்த நாட்களில், வாரத்தில் ஐந்து மாலைகள் இருவரும் அமர்ந்து ஞானதிருஷ்டியில் கண்டதாகச் சொன்னவற்றை வேறு இருவர் உடனுக்குடன் எழுதிக்கொண்டார்கள்.

அப்போது அந்தக் குடியிருப்பு தொடங்கி ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்கிறார் லெட்பீட்டர். மக்கள்தொகை ஒரு லட்சம். வெளியிலிருந்து மணம் முடித்து வந்த சிலரைத் தவிர அத்தனை பேரும் ஒரே மனிதரின் வழித்தோன்றல்கள். அந்த ஒருவர்தான் மனு. இன்னும் பிறக்காத ஆறாவது மூல இனத்தின் தந்தை. ஆட்சி அவருடையது. வறுமை இல்லை, புலால் இல்லை, மதச் சண்டை இல்லை. கோயில்கள் நான்கு வகை: அன்புக்குச் செந்நிறம், பக்திக்கு நீலம், அறிவுக்கு மஞ்சள், செயலுக்குப் பச்சை. வேதபாராயணமோ பிரசங்கமோ அங்கே முதன்மையல்ல. நிறமும் இசையும் நறுமணமுமே வழிபாடு. அதை நடத்தித் தருபவர்கள் கண்ணுக்குத் தெரியும் தேவர்கள். இயற்கையின் ஆற்றல்களை உயிருள்ள துணைவர்களாகக் கொண்டு மனிதர் வாழும் இடம் என்பதே வருணனையின் சாரம். பேசும் மொழி ஆங்கிலம். எழுதுவது மட்டும் ஒருவகைச் சுருக்கெழுத்தில். உத்தியோகத்துக்காகச் சுருக்கெழுத்துப் பழகிக்கொண்டிருந்த அன்றைய மயிலாப்பூர் இளைஞர்கள் இதைப் படித்திருந்தால் தங்கள் உழைப்பு இருபத்தேழாம் நூற்றாண்டுவரை பயன்படும் என்று ஆறுதல் அடைந்திருக்கலாம்.

இவற்றையெல்லாம்விட நின்று பார்க்க வேண்டியது, அங்கே சாவும் மறுபிறப்பும் நடக்கும் விதம். உடலை விட்டுவிடும் காலம் வந்துவிட்டது என்று உணர்கிறவர் தமக்குப் பிடித்த ஒரு தம்பதியைத் தேடிக்கொள்கிறார். அவர்கள் வீட்டுக்குப் போய், உங்கள் பிள்ளையாகப் பிறக்கலாமா என்று கேட்கிறார். அவர்கள் இசைந்தால், தாம் வாழ்நாள் முழுதும் அணிந்திருந்த ரட்சையை அவர்களிடம் ஒப்படைக்கிறார். அடுத்த பிறவியில் தமக்கு வேண்டிய சொந்தப் பொருள்களையும் அந்த வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார். பிறகு இறக்கிறார், சில காலத்தில் அதே வீட்டில் பிறந்து, அதே ரட்சையை அணிந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். அழுகை கிடையாது, பெரிய சடங்கும் கிடையாது. வாடகை வீடு மாறுகிறவர் சாமான்களை முன்கூட்டி அனுப்பி வைப்பதுபோல எல்லாம் நடக்கிறது.

இந்தப் பகுதியைப் பற்றி இரண்டு விதமாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. நம்பியவர்கள் இதைத் தீர்க்கதரிசனம் என்றார்கள்; நம்பாதவர்கள் புரட்டு என்றார்கள். லெட்பீட்டர் உண்மையிலேயே எதையாவது கண்டாரா என்ற விவாதத்தால் வரலாற்றுக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. ஒரு கூட்டம் தன் எதிர்காலத்தைத் தானே வரைந்து வைத்திருக்கிறது. அந்தக் கூட்டம் எதை விரும்பியது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைக்காது. அந்த ஆவணத்தை அப்படிப் படித்தால் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. பிறப்பால் வரும் வேற்றுமைகளை ஒழிக்க மறுபிறவிக் கொள்கையைக் கையில் எடுத்த சபை, அதே கொள்கையைக் கொண்டு பிறப்பால் வரும் புதிய வரிசை ஒன்றைக் கட்டியது. சபை பின்னால் உடைந்ததற்குத் தனிமனிதர்களின் குறைகளைக் காரணம் சொல்வது வழக்கம். வேர் இந்த முரணில் இருந்தது என்பது என் வாதம்.

முதலில், வரைபடத்துக்கான சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எட்வர்ட் பெல்லமியின் ‘லுக்கிங் பேக்வர்ட்’ 1888இல் வந்தது. இரண்டாயிரமாவது ஆண்டின் பாஸ்டன் நகரில் வறுமையும் போட்டியும் ஒழிந்துவிட்டதாகச் சொல்லும் நாவல். அதன் வழியில் அமெரிக்காவில் எழுந்த இயக்கத்தில் பிரம்ம ஞானிகள் பலர் சேர்ந்தார்கள். சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரே 1889இல் வெளியான தம் ‘கீ டு தியாசபி’யில் பெல்லமியைப் பாராட்டியிருக்கிறார். பெசன்ட் சபையில் சேர்வதற்கு முன் ஃபேபியன் சோஷலிஸ்ட். 1889இல் வெளிவந்த ஃபேபியன் கட்டுரைத் தொகுப்பில் அவர் எழுதியது எதிர்காலச் சமுதாயத்தின் அமைப்பைப் பற்றித்தான். கலிபோர்னியாவும் வானத்திலிருந்து விழுந்த தேர்வு அல்ல. சபையிலிருந்து பிரிந்த கேத்தரின் டிங்லி சான் டியாகோ அருகே பாயிண்ட் லோமாவில் 1897லேயே ஒரு குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டிவிட்டார். அடையாற்றின் பக்கம் நின்ற வாரிங்டன் 1912இல் ஹாலிவுட்டில் கிரோட்டோனா குடியிருப்பை அமைத்தார். ஆக, 700 ஆண்டுகள் கழித்துத் தெரிந்ததாகச் சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி அன்றைய நடப்பு. சொத்தில் சமத்துவம் பெல்லமியிடமிருந்தும் ஃபேபியன்களிடமிருந்தும் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே தந்தையின் வம்சம் என்பது மட்டும் அவர்களிடம் இல்லாதது. அது அடையாற்றின் சொந்தச் சரக்கு.

அடையாற்றில் அதற்கான ஒத்திகை 1910லேயே நடந்துகொண்டிருந்தது. 1909இல் ஆற்றுமுகக் கடற்கரையில் லெட்பீட்டரின் கண்ணில் பட்ட ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனின் முற்பிறவிகள் மறு ஆண்டிலேயே ‘தியாசபிஸ்ட்’டில் தொடராக வரத் தொடங்கின. முப்பது பிறவிகள், கி.மு. 22,000க்கும் முற்பட்ட காலத்தில் தொடங்குபவை. அவற்றில் வருகிறவர்களுக்கெல்லாம் விண்மீன்களின் பெயர்களும் கோள்களின் பெயர்களும் இதிகாசப் பெயர்களும் சூட்டப்பட்டன. கிருஷ்ணமூர்த்தி அல்சியோன், அவர் தம்பி நித்யானந்தா மிசார், பெசன்ட் ஹெராக்ளிஸ், லெட்பீட்டர் சிரியஸ். பட்டியலில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெற்றார்கள். ஒரு பிறவியில் அண்ணனாக வந்தவர் மற்றொன்றில் மகளாக வந்தார். தோட்டத்தில் குடியிருந்தவர்களிடையே யார் பட்டியலில் இருக்கிறார், யார் இல்லை, இருப்பவர் எந்தப் பிறவியில் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதே பேச்சாயிற்று. சபையின் முதல் நோக்கம் இனம், சமயம், பால், சாதி, நிறம் என்ற வேற்றுமை பாராத உலக சகோதரத்துவம். அந்த நோக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்கள், இருபத்துநாலாயிரம் ஆண்டு வம்சாவளியில் தமக்கு இடம் உண்டா என்று கவலைப்படத் தொடங்கினார்கள். எதிர்காலக் குடியிருப்பைப் பற்றிய பகுதிகூட இப்படி ஒரு வம்சாவளியில்தான் தொடங்குகிறது: ஆல்காட் முற்பிறவியில் அசோகச் சக்கரவர்த்தி, வாழ்வின் முடிவில் சோர்ந்திருந்த அசோகருக்கு அவருடைய குரு காட்டிய காட்சியே இந்தக் குடியிருப்பு. ஆல்காட் இறந்துபோன பிறகு இது அச்சேறியதால் அவருடைய கருத்தைக் கேட்க வழியில்லாமல் போயிற்று.

மறுபிறவியை நம்பும் எவரும் இப்படித்தான் வந்து முடிவார்கள், இதற்கு அடையாற்றைக் குறை சொல்வானேன் என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை ஆற்றின் வடகரையில், இரண்டு மூன்று மைல் தொலைவில் இருக்கிறது. மயிலாப்பூரின் தலபுராணமே மறுபிறவிக் கதை. உமை மயிலாகப் பிறந்து புன்னை மரத்தடியில் சிவனைப் பூசித்த ஊர் அது. மரமும் பறவையும் வழிபாட்டுக்குள் வந்துவிட்ட ஊர் என்ற அளவில் லெட்பீட்டரின் தேவர்களுக்கு அங்கே அந்நியம் தோன்றியிருக்காது. ஆனால் பெரியபுராணம் சொல்லும் பூம்பாவையின் வரலாறு வேறொரு திசையில் போகிறது. மயிலை வணிகர் சிவநேசர் தம் மகளைத் திருஞானசம்பந்தருக்கு என்று நினைத்தே வளர்த்தார். பாம்பு தீண்டி அவள் இறந்தாள். எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்தார். சம்பந்தர் வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து பூம்பாவை எழுந்தாள். பெற்றவர் மகிழ்ந்து, இவளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். சம்பந்தர் மறுக்கிறார்: நீங்கள் பெற்ற பெண் விடத்தால் இறந்துவிட்டாள், இவள் இறைவன் அருளால் நான் மீண்டும் தோன்றச் செய்தவள், எனக்கு மகள் முறை. பழைய உறவு, பழைய உரிமை, பழைய வாக்கு எதுவும் புதிய பிறப்பைக் கட்டாது. தந்தைகூடத் தந்தை என்ற உரிமையில் அவளைக் கொடுக்க முடியாமல் போகிறார். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் இன்றும் கபாலீசுவரர் கோயிலில் நடந்து காட்டப்படும் நிகழ்ச்சி இது.

லெட்பீட்டரின் குடியிருப்பில் இறந்தவர் ரட்சையையும் பொருளையும் தமக்கே எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் வருகிறார். மயிலையில் எழுந்தவளிடம் முந்தைய கணக்கு எதுவும் செல்லுபடியாவதில்லை. இங்கே மறுபிறப்பு உறவை அறுக்கிறது. அங்கே உடைமையைத் தொடர வைக்கிறது. தமிழ்ச் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான வேண்டுதல் இனிப் பிறக்கக்கூடாது என்பது. காரைக்கால் அம்மையார் கேட்ட வரங்களில் அதுவும் ஒன்று. பிறவியை நோயாகக் கண்டவர்களுக்கு அடுத்த பிறவிக்கான சாமான் பட்டியல் தயாரிக்கத் தோன்றாது. இந்தச் சமயங்கள் நடைமுறையில் சாதியைக் காப்பாற்றவில்லையா, வினைப்பயன் என்று சொல்லியே கீழே தள்ளப்பட்டவர்களைக் கீழேயே வைத்திருக்கவில்லையா என்றால், வைத்திருந்தன, மறுக்க இடமில்லை. ஆனால் அது நான் சொல்வதை வலுப்படுத்துகிறது. மறுபிறவி ஒரு கணக்கேடாக மாறும் இடங்களில் எல்லாம் அது மேலே இருப்பவரின் கணக்கேடாகிவிடுகிறது. அடையாறு அந்தக் கணக்கேட்டைக் கிழிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டது; புதிய பக்கங்களைச் சேர்த்துத் தைத்தது.

‘மூல இனம்’ என்பது உடலைக் குறிப்பதல்ல, மனிதகுலத்தின் அகவளர்ச்சிப் படியைக் குறிப்பது என்று சபையின் ஆதரவாளர்கள் விளக்குவார்கள். பிளாவட்ஸ்கியின் எழுத்துகளில் அதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. இந்தக் குடியிருப்பைப் பொறுத்தவரை அந்த விளக்கம் நிற்காது. ஒரு லட்சம் பேரும் மனுவின் உடல்வழி வாரிசுகள் என்று லெட்பீட்டர் ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருக்கிறார். அதைவிட அழுத்தமான சான்று நிகழ்காலத்தில் கிடக்கிறது. 1909 பிப்ரவரியில், ஜி. ஏ. நடேசன் சென்னையில் நடத்திவந்த ‘இந்தியன் ரிவ்யூ’வில் பெசன்ட் தாழ்த்தப்பட்டோரின் உயர்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் குழந்தைகளை மேல்சாதிக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக் கூடாது, தலைமுறை தலைமுறையாக உண்ட உணவாலும் குடியாலும் அவர்களின் உடல்கள் கெட்டிருக்கின்றன, தூய உணவும் வாழ்வும் கொண்ட சில தலைமுறைகள் கழிந்தே அவை சீராகும் என்பது அதன் வாதம். அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட தம் நூலில் இந்தக் கட்டுரையை நீளமாக எடுத்துக்காட்டியிருக்கிறார். எதிர்கால இனத்தின் தூய உடல்களை வருணிக்கத் தொடங்கிய அதே ஆண்டில், அதே தோட்டத்திலிருந்து, பக்கத்துச் சேரிக் குழந்தையின் உடலைப் பற்றி எழுதப்பட்டது இது. இரண்டையும் தனித்தனியே படிப்பது சபைக்கு வசதி. வரலாற்றுக்கு அந்த வசதி கிடையாது.

சபை செய்த நன்மைகளை மறைக்கிறேன் என்ற குற்றச்சாட்டு இதற்குள் சிலர் மனத்தில் எழுந்திருக்கும். நன்மைகள் உண்மையானவை. ஆல்காட் 1894இல் பஞ்சமர் குழந்தைகளுக்கென்று முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் அவரை நாடி வந்தபோது, இலங்கைக்கு அழைத்துப் போய்ப் பௌத்தத்தில் சேர வழிசெய்தார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். ஆனால் இந்த நன்மைகளுள் எதற்கும் முற்பிறவிப் பட்டியல் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அயோத்திதாசரும் பழங்காலத்தைத்தான் தோண்டினார். தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்று ‘தமிழன்’ இதழில் ஆண்டுக்கணக்கில் எழுதினார். அவர் தேடியது ஒரு சமூகத்தின் இறந்தகாலம்; இலக்கியத்தையும் வழக்காற்றையும் சான்றாக வைத்தார். அவர் சொன்னதை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம், எதிர்ச்சான்று காட்டலாம். அல்சியோனின் முப்பது பிறவிகளுக்கு எதிர்ச்சான்று காட்ட முடியாது. சரிபார்க்க முடியாத இறந்தகாலம் யார் கையில் இருக்கிறதோ, அவரிடம்தான் பதவி வழங்கும் அதிகாரமும் போய்ச் சேரும். அடையாற்றில் அது லெட்பீட்டரிடம் இருந்தது.

இந்த அதிகாரத்தைச் சென்னை கேள்வி கேட்காமல் விடவில்லை. உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயரைப் போன்ற மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவரே சபையின் துணைத்தலைவராக இருந்தார். அதனால் படித்தவர்கள் எல்லாரும் மயங்கிக் கிடந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. டாக்டர் டி. எம். நாயர் லெட்பீட்டரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். புதுச்சேரியில் இருந்த பாரதி 1914இல் ‘பொன்வால் நரி’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஓர் அங்கதக் கதை வெளியிட்டுப் பெசன்ட்டைக் கிண்டல் செய்தார். கிருஷ்ணமூர்த்தியின் தந்தை நாராயணய்யா 1912இல் பெசன்ட்டின் பொறுப்பில் இருந்த பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தபோது அவருக்காக வாதாடியவர் சி. பி. ராமசாமி ஐயர். வழக்கின் சாரம் யோசித்துப் பார்க்கத் தக்கது: பெற்ற தந்தையின் உரிமை ஒருபக்கம், முப்பது பிறவி உறவு என்ற உரிமை மறுபக்கம். சென்னை உயர்நீதிமன்றம் 1913இல் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளிவிட்டது.

வரிசையை உடைத்தவர் கடைசியில் வரிசையின் உச்சியில் வைக்கப்பட்டவரே. 1911இல் கிருஷ்ணமூர்த்தியை வரப்போகும் உலகாசிரியராகக் கருதி நட்சத்திர சங்கம் அமைக்கப்பட்டது. 1925 டிசம்பர் 28 அன்று அடையாறு ஆலமரத்தடியில் பேசும்போது அவர் உலகாசிரியரைப் பற்றிப் படர்க்கையில் தொடங்கித் தன்மைக்கு மாறியதைக் கேட்டு, காலம் வந்துவிட்டது என்று கூட்டம் சிலிர்த்தது. நான்கு ஆண்டு கழித்து, 1929 ஆகஸ்ட் 3 அன்று, ஹாலந்தில் ஓமன் முகாமில் பெசன்ட்டின் முன்னிலையிலேயே அவர் சங்கத்தைக் கலைத்தார். அதன் பிறகு தம் முற்பிறவிகளைப் பற்றிய கேள்விகளுக்கு அவர் முக்கியத்துவமே தரவில்லை. தனக்கு எழுதி வைக்கப்பட்ட பிறவிக் கணக்கைத் தானே ரத்துச் செய்துகொண்டவர் என்று பார்த்தால், பூம்பாவைக் கதையின் தர்க்கத்துக்கு அவர்தான் நெருக்கமானவர்.

அந்தக் குடியிருப்புக் கனவில் இயற்கையின் பக்கம் எஞ்சியவை இதே தோட்டத்திலிருந்து வேறு பாதையில் வந்தன. 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்து விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அதன் விளைவு. அந்த முயற்சிக்கு அவர் யாருடைய முற்பிறவியையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. 1989 புயலில் ஆலமரத்தின் தாய்த்தண்டு சாய்ந்த பின்னும் விழுதுகளால் மரம் நிற்கிறது. ஏறத்தாழ 250 ஏக்கர் தோப்பு அடையாற்றின் தென்கரையில் கட்டடங்களுக்கு இடையே மிஞ்சியிருக்கிறது. சபையின் கொள்கைகளுள் எதையும் நம்பாதவரும் இந்தத் தோப்புக்காக அதற்கு நன்றி சொல்லலாம்.

எதிர்காலக் குடியிருப்பு வெறும் காகிதக் கனவாகவே இருந்துவிட்டதா? இல்லை. 1927இல் பெசன்ட் உலகெங்கும் உள்ள உறுப்பினர்களிடம் நன்கொடை கேட்டு, கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் நானூறு ஏக்கருக்கும் மேல் நிலம் வாங்கினார். புதிய இனத்தின் தொட்டில் அதுவே என்று அறிவித்து, ‘ஹேப்பி வேலி’ என்று பெயரும் வைத்தார். அப்போது அவருக்கு வயது 79. ஆறு ஆண்டுகளில் அடையாற்றில் மறைந்தார். மனு வரவில்லை. 1946இல் அந்த நிலத்தின் அறக்கட்டளை அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. தொடங்கியவர்களில் கிருஷ்ணமூர்த்தியும் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் உண்டு. பெசன்ட் ஹில் பள்ளி என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

(தொடரும்)